உவர்நீரை நன்னீராக்கும் சவ்வு

உப்பு உணவிற்குச் சுவை தருவது. அளவு கடந்தவிடத்து அதுவே உணவைக் கெடுப்பது. நீரின் நிலையும் அத்தகையதே. மழையாய் இறங்கும்பொழுது ஏறக்குறைய உப்பற்றதாயிருக்கும் நீர், மண்ணினூடும் பாறையினூடும் செல்லுங்கால் ஆங்காங்குள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. அவ்வுப்புச் சிறிதாயின் நீர் சுவையுடையதாகும். மிகுமாயின் நாவிற்குக் கரிக்கும், சவர்க்காரம் நுரையாது, பருப்பு வேகாது, பயிர் கருகும். கிணறு நிறைய நீரிருந்தும், குடிப்பதற்குரிய ஒரு குடம் நீருக்காக நெடுந்தொலைவு செல்லவேண்டிய ஊர்கள் நம் கடற்கரை மாவட்டங்களில் உண்டென்பதை மாணவர் பலர் தம் ஊரின் அனுபவத்தாலேயே அறிவர்.

இத்தகைய நீரினின்று உப்பை நீக்கும் வழிகள் பல. அவற்றுள், மெல்லிய சவ்வொன்றின் வாயிலாக நீரை அழுத்திச் செலுத்தும் முறை இக்காலத்திற் பெரிதும் பரவியுள்ளது. வீட்டுச் சுவரில் மாட்டப்பெற்றிருக்கும் 'ஆர்.ஓ.' பெட்டியும், ஒரு நகரத்திற்கே குடிநீர் வழங்கும் பெருநிலையமும் இம்முறையின் வடிவங்களே. அதன் தத்துவம் யாது, அஃது எவ்வாறு கைவந்தது, நீக்கப்பெற்ற உப்பு எங்கே செல்கின்றது என்னும் மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். முதலிரண்டினும் மூன்றாவது வினாவே நாம் பெரிதும் கருதத்தக்கது என்பது போகப்போக விளங்கும்.

உவர்நீர் என்பது

நீரிற் கலந்துள்ள மாசுகள் இருவகைப்படும். ஒருவகை நீரில் மிதப்பன. மற்றொருவகை நீரிற் கரைந்தன. சேறும் தூசியும் முன்னதைச் சேர்ந்தவை. இவற்றைத் துணியால் வடிக்கலாம். மணற்படுகையில் செலுத்தித் தெளிவிக்கலாம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டால் கலங்கல் அடியிற் படியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். படிகாரம் இடுவதும் இதன்பொருட்டே. ஆனால் கரைந்த உப்பை இவற்றுள் எதுவும் தொடுவதில்லை. உப்பு நீரிற் கரையும்பொழுது அயனிகள் எனப்படும் மின்னேற்றமுள்ள நுண்துகள்களாகப் பிரிந்து, நீரின் மூலக்கூறுகளுக்கிடையே பரவிவிடுகின்றது. கண்ணாடிபோல் தெளிந்த நீரும் வாயில் வைத்தற்கியலாத கரிப்புடையதாயிருத்தல் இதனாலேயாம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்புச் சாகாது. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் எஞ்சிய நீரின் உவர்ப்பு மிகவே செய்யும்.

கரைந்த பொருள்களின் அளவை ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பது வழக்கு. வீடுகளில் 'டி.டி.எஸ்.' என வழங்குவது இவ்வளவையே. கடல்நீரில் இஃது ஏறக்குறைய 35,000. ஆயிரத்திற்கு மேற்பட்டுப் பதினாயிரம் வரையுள்ள நீரை உவர்நீர் எனப் பொதுவாகக் கொள்வர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதியின்படி குடிநீரில் 500 மில்லிகிராமிற்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர்நிலை கிடையாதவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எனவே, லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள கிணறு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை முழுதும் கணக்கிட்டுச் செல்வோம். இது கடல்நீரின் உவர்ப்பில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கே; ஆயினும் குடிப்பதற்குத் தகுதியற்றது.

சவ்வூடு பரவல்

மாவடு ஊறுகாய் இடும் வீட்டில் இவ்விஞ்ஞானத்தின் முதற்பாடம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. உருண்டு திரண்ட பிஞ்சுகளை உப்பிலிட்டு வைத்தால், சில நாட்களில் அவை சுருங்கிப் போகின்றன. ஜாடியில் ஒரு துளி நீரும் ஊற்றாதிருந்தும் நீர் ஊறி நிற்கின்றது. பிஞ்சின் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள சவ்வு நீரை எளிதில் வெளியே விடுகின்றது. உப்பை அவ்வளவு எளிதில் உள்ளே விடுவதில்லை. உலர்ந்த திராட்சையை நன்னீரில் இட்டால் இதற்கு மாறாக நீர் உட்புகுந்து அது பருக்கின்றது. இரண்டிலும் நீர் செல்லும் திசை ஒன்றே: கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று கரைபொருள் மிகுந்த பக்கத்திற்கு அது செல்கின்றது. இந்நிகழ்ச்சியே சவ்வூடு பரவல் எனப்படுவது.

இதனைச் சோதனையாகச் செய்து கண்டவர்களுள் முதல்வர் பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய நொல்லே என்பவர். அவர் 1748-ஆம் ஆண்டில், சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் நீர்ப்பையினின்று எடுத்த தோலால் இறுகக் கட்டி, அதனை நீரில் அமிழ்த்தி வைத்தார். நீர் உள்ளே புகுந்தமையால் தோல் புடைத்தெழுந்தது. பின்னர் 1867-இல் ஜெர்மானியராகிய டிராவுபே என்பவர் விலங்கின் தோலை நாடாது, இரசாயனப் பொருள்களைக்கொண்டே சவ்வு அமைக்கும் முறையைக் கண்டார். தாவர நூல் வல்ல பெஃபர் என்பவர் அத்தகைய சவ்வை நுண்துளையுள்ள மட்கலத்தின் சுவருக்குள்ளேயே படியச்செய்து, அது பெரிய அழுத்தத்தையும் தாங்குமாறு செய்தார். அவர் 1877-இல் வெளியிட்ட அளவைகளின்படி, நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை கரைந்த நீர் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கி நிற்கும் அழுத்தத்தை உண்டாக்கியது. இவ்வளவைகளை ஆராய்ந்த டச்சு நாட்டு அறிஞர் வான்ட் ஹாஃப், கரைபொருளின் துகள்கள் நீரில் நடந்துகொள்ளும் முறை வாயுக்களின் விதியை ஒத்தது என்று காட்டினார். 1901-இல் இரசாயனத்திற்கு அளிக்கப்பெற்ற முதல் நோபெல் பரிசு அவருக்கே கிடைத்தது.

வான்ட் ஹாஃபின் விதி கூறுவது யாதெனில், இவ்வழுத்தம் கரைபொருளின் எடையைப் பொறுத்ததன்று, துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதாம். சர்க்கரையின் மூலக்கூறு பெரிது. ஆதலின் ஒரு கிராமில் அடங்கும் எண்ணிக்கை குறைவு. சோற்றுப்புச் சிறிய துகள்களாலாயது. கரையும்பொழுது ஒன்று இரண்டாகவும் பிரிகின்றது. ஆகவே லிட்டருக்கு ஒரு கிராம் உப்பே, லிட்டருக்குப் பத்துக் கிராம் சர்க்கரையைவிடச் சற்று மிகுதியான அழுத்தத்தைத் தருகின்றது. அஃது ஏறக்குறைய முக்கால் வளிமண்டல அழுத்தமாகும். இக்கணக்கை மாணவர் மனத்தில் இருத்துவாராக. மேல்வரும் யாவும் இதன்மேல் நிற்பன.

போக்கை மாற்றுதல்

நன்னீரும் உவர்நீரும் இடையே ஒரு சவ்வைக்கொண்டு அடுத்தடுத்து நிற்பதாகக் கொள்வோம். நன்னீர் தானே உவர்நீர்ப் பக்கம் செல்லும். உவர்நீரின்மேல் நாம் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினால் அவ்வோட்டம் தளரும். ஓர் அளவில் நின்றுவிடும். அவ்வளவே அந்நீரின் சவ்வூடு அழுத்தம். அதற்கும் மேலே அழுத்தினால் நீர் எதிர்த் திசையில், அதாவது உவர்ப்பக்கத்தினின்று நன்னீர்ப் பக்கத்திற்கு, ஓடத் தொடங்கும், உப்புப் பின்தங்கும். இதனையே எதிர்ச் சவ்வூடு பரவல் என்கின்றனர்.

நம் எடுத்துக்காட்டுக் கிணற்றின் நீருக்கு இவ்வெல்லை ஏறக்குறைய 2.3 வளிமண்டலம்; அதாவது 24 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் தன் அடியில் தரும் அழுத்தம். கடல்நீருக்கோ அஃது ஏறக்குறைய 26 வளிமண்டலம். நீர்த்தூணாயின் 270 மீட்டரளவு. உவர்நீரை இனிதாக்குதல் கடல்நீரை இனிதாக்குதலினும் எவ்வளவு எளிது என்பது இவ்விரண்டு எண்களாலேயே புலனாகும்.

ஆற்றலின் கணக்கையும் காண்போம். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், நீரை ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு எதிராகத் தள்ளுவதற்கு வேண்டுவது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 36-இல் ஒரு பங்கு. 12 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். இயந்திரங்களின் இழப்பும் பிற செலவுகளும் சேர்ந்து, உவர்நீர் நிலையங்களில் கன மீட்டருக்கு அரை யூனிட் முதல் இரண்டரை யூனிட் வரையும், கடல்நீர் நிலையங்களில் மூன்று முதல் நான்கு யூனிட் வரையும் ஆவது வழக்கம். அதே ஆயிரம் லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதற்கு 600 யூனிட்டிற்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். வடிநிலையங்களில் ஒருமுறை பயன்பட்ட வெப்பத்தைப் பலமுறை மீட்டுப் பயன்படுத்துவர் என்பது உண்மையே. ஆயினும் நீரை ஆவியாக மாற்றாமலே உப்பினின்று பிரிக்கும் இம்முறையின் சிக்கனத்தை அவை எட்டுதல் அரிது.

இயற்கையும் இம்முறையை அறிந்திருக்கின்றது. பிச்சாவரத்துக் கழிகளில் நிற்கும் சுரபுன்னை மரம் உவர்நீரிலேயே வேரூன்றி வாழ்கின்றது. இலைகளினின்று நீர் ஆவியாகச் செல்லுங்கால் தண்டினுள் வலிய இழுப்பு ஒன்று உண்டாகின்றது. அவ்விழுப்பினால் வேரின் திசுக்களினூடு நீர் உள்ளே ஏற, உப்பின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகின்றது. ஷோலாண்டர் என்னும் உடலியல் அறிஞர் 1960-களில் செய்த சோதனைகளால் இது தெளிவாயிற்று. நாம் எந்திரத்தால் தள்ளுகின்றோம். மரம் வெயிலால் இழுக்கின்றது. வேறுபாடு இவ்வளவே.

சவ்வு கைவந்த வரலாறு

தத்துவம் வான்ட் ஹாஃப் காலத்திலேயே தெளிவாயிருந்தும், அது தொழிலாக மாற முக்கால் நூற்றாண்டு சென்றது. காரணம் தகுந்த சவ்வு கிடையாமையே. நீரைத் தாராளமாக விடவேண்டும், உப்பை விடலாகாது, அழுத்தத்திற்குக் கிழியலாகாது. இம்மூன்று குணங்களும் ஒன்றில் அமைதல் அரிதாயிருந்தது. அமெரிக்க நாட்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ரீட் என்பவரும் அவர் மாணவர் பிரெட்டனும், செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளாலாய தகடு உப்பை நன்கு தடுப்பதை 1959-இல் வெளியிட்டனர். ஆனால் அத்தகட்டினூடு வந்த நீர் மிகச் சிறிது. மெல்லியதாக்கினால் நீர் மிகும். மிகவும் மெல்லியதாயின் அழுத்தத்தைத் தாங்காது. இதுவே அக்காலத்து முட்டுக்கட்டை.

அம்முட்டுக்கட்டையை நீக்கினோர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்னும் இருவர். சௌரிராஜன் இந்தியாவிற் பிறந்தவர். அப்பெயர் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம் என்பது நம் நாட்டார்க்குத் தெரிந்ததே. பிற்காலத்தில் அவர் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். இவ்விருவரும் செல்லுலோஸ் அசிடேட்டைக் கரைத்துத் தகடாக வார்த்து, கரைப்பானில் ஒரு பகுதியைச் சிறிதுநேரம் ஆவியாகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பின் வெந்நீரிற் பதப்படுத்தினர். இவ்வாறு 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் செய்த சவ்வின் மேற்புறம் செறிந்த மெல்லிய தோலாகவும், கீழ்ப்புறம் பஞ்சுபோல் நுண்துளை நிறைந்ததாகவும் அமைந்தது. உப்பைத் தடுக்கும் தோல் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே பருமனுடையது. அதனைத் தாங்கும் பஞ்சுப்பகுதி அதனினும் பல நூறு மடங்கு தடித்தது. மெல்லியதாயும் இருக்கவேண்டும், வலியதாயும் இருக்கவேண்டும் என்னும் முரணை, ஒரே தகட்டின் இரு புறங்களுக்குப் பகிர்ந்தளித்துத் தீர்த்தனர் என்க. முன்னையதினும் பத்து மடங்கிற்குக் குறையாத நீர் இப்பொழுது கிடைத்தது.

இச்சவ்வு முதன்முதல் ஓர் ஊரின் தாகத்தைத் தீர்த்தது கலிபோர்னியாவின் உட்பகுதியிலுள்ள கோலிங்கா என்னும் சிற்றூரில். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் நிலத்தடி நீர் உவர்நீர். மக்கள் துவைத்தற்கும் கழுவுதற்கும் அதனைப் பயன்படுத்திக்கொண்டு, குடிப்பதற்கு இரயில் வண்டியில் வந்த நீரை நம்பியிருந்தனர். 1959-இல் அங்கே மின்சாரத்தின் துணையால் உப்பைப் பிரிக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1965-இல் லோப் முதலியோர் தம் சவ்வைக் குழாய் வடிவில் அமைத்து, நாளொன்றுக்குச் சில ஆயிரம் கேலன் நன்னீர் தரும் நிலையத்தை நிறுவினர். அளவிற் சிறிதாயினும், இன்று உலகெங்கும் பரவியுள்ள நிலையங்களுக்கு அதுவே முன்னோடி.

அதன்பின் ஜான் கடோட் என்னும் அமெரிக்கர் 1970-களின் பிற்பகுதியில், நுண்துளைத் தாங்கியின்மேல் பாலியமைடு என்னும் வேறொரு பொருளாலாய தோலை அங்கேயே உண்டாக்கும் முறையைக் கண்டார். இக்காலத்துச் சவ்வுகளிற் பெரும்பாலன இவ்வினத்தன. இவை குறைந்த அழுத்தத்திலேயே மிகுந்த நீரைத் தருகின்றன. உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டிற்கு மேற்பட்ட பங்கைத் தடுக்கின்றன. ஆயின் குளோரின் பட்டால் கெட்டுப்போவது இவற்றின் குறை.

நீரின் மூலக்கூறு இத்தோலினூடு எவ்வாறு செல்கின்றது என்பது இன்றும் வாதத்திற்குரியது. நீர் அப்பொருளிற் கரைந்து மெல்லப் பரவி மறுபுறம் செல்கின்றது என்பது நெடுங்காலமாகப் பாடநூல்களிற் காணும் கொள்கை. நுண்ணிய துளைகளினூடு ஓடுகின்றது என்பது சௌரிராஜன் வற்புறுத்திய கருத்து. துளையோட்டமே பொருந்தும் என 2023-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் சான்று காட்டி எழுதியமையால் அவ்வாதம் மீண்டும் எழுந்துள்ளது. நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் நீரைத் தரும் கருவியின் உட்பொருளே இன்னும் முடிவாகவில்லை என்பது, விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு ஊக்கமளிக்கும் செய்தியன்றோ?

நிலையம் இயங்கும் முறை

நிலையத்தில் சவ்வுத் தகடுகள் பாயைச் சுருட்டுவதுபோல் நடுக்குழாயொன்றைச் சுற்றிச் சுருட்டப்பெற்று, அழுத்தம் தாங்கும் நீண்ட உருளைகளுள் வைக்கப்பெறுகின்றன. கிணற்று நீர் முதலில் மணல் வடிகட்டியிலும் பின்னர் நுண்வடிகட்டியிலும் செல்லும். நீரில் குளோரின் இருப்பின் அதனை நீக்குவர். சுண்ணாம்பு உப்புக்கள் சவ்வின்மேல் பாறைபோல் படியாதிருத்தற்குச் சிறிதளவு அமிலமோ படிவு தடுக்கும் மருந்தோ சேர்ப்பர். அதன்பின்னரே உயரழுத்த எந்திரம் நீரைச் சவ்விற்குச் செலுத்தும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. துணியில் வடிப்பதுபோல் நீர் முழுவதையும் சவ்வினூடு தள்ளுவதில்லை. அங்ஙனம் தள்ளின் தடுக்கப்பெற்ற உப்பு அவ்விடத்திலேயே குவிந்து, ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆகவே நீர் சவ்வின் மேற்பரப்பை உராய்ந்துகொண்டு ஓடுமாறும், ஓடும்பொழுதே ஒரு பகுதி சவ்வைக் கடந்து நடுக்குழாயைச் சேருமாறும், எஞ்சிய பகுதி உப்பை வாரிக்கொண்டு வேறு குழாயால் வெளியேறுமாறும் அமைத்துள்ளனர். ஆதலின் இத்தகைய எந்த நிலையத்திற்கும் புகுவழி ஒன்று, வெளிவழி இரண்டு. இவ்விரண்டாம் வெளிவழியை மறவாதிருத்தலே இக்கட்டுரையின் சாரம்.

உப்பின் வரவு செலவு

நம் கிணற்றினின்று ஆயிரம் லிட்டர் எடுப்போமாக. அதில் உப்பு 3 கிலோகிராம். நான்கில் மூன்று பங்கை, அதாவது 750 லிட்டரை, நன்னீராகப் பெற்றோம் என்றும், அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் உப்பே எஞ்சியது என்றும் கொள்வோம். நன்னீரோடு சென்ற உப்பு 75 கிராம். எஞ்சிய 2 கிலோ 925 கிராம் எங்கே? கழிவாக வந்த 250 லிட்டரில் உள்ளது. அந்நீரில் லிட்டருக்கு 11,700 மில்லிகிராம் உப்பு. கிணற்று நீரினும் ஏறக்குறைய நான்கு மடங்கு உவர்ப்பு. அதன் சவ்வூடு அழுத்தமும் ஒன்பது வளிமண்டலமாக உயர்ந்துவிடுகின்றது. தொடக்கத்தில் 2.3 போதும் என்று கண்டோம். ஆயினும் நிலையங்கள் 10 முதல் 20 வளிமண்டல அழுத்தத்தில் இயங்குவது ஏன் என்பதற்கு விடை இதுவே. கடைசித் துளியை நன்னீராக்க முயலுந்தோறும் உப்பு நம்மை எதிர்த்துத் தள்ளுகின்றது.

இக்கணக்கு ஓர் உண்மையை உரைக்கின்றது. சவ்வு உப்பை அழிப்பதன்று, பிரிப்பதே. வந்த உப்பில் ஒரு கிராமேனும் உலகினின்று மறையவில்லை. கழிவுநீரைக் கிணற்றிற்கு அருகே ஒரு குழியில் ஊற்றிவிடுவோமாயின் நிகழ்வது யாது? நிலத்தினின்று ஆயிரம் லிட்டர் எடுத்து, 250 லிட்டரை மட்டும் திருப்பித் தருகின்றோம். உப்பையோ ஏறக்குறைய முழுவதும் திருப்பித் தருகின்றோம். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு செய்யின் நிலத்தடி நீர் வரவர உவர்ப்பேறும். நிலையம் வைத்திருப்போர் மேலும் அழுத்தி நன்னீர் பெறலாம். எந்திரம் இல்லாத பக்கத்து வீட்டுக் கிணறும், பக்கத்து வயலும் என்னாகும்? ஒருவர்க்கு இனிமையாவது அயலார்க்குக் கரிப்பாக மாறுதல் தகுமோ?

கடற்கரை நிலையங்கள் கழிவைக் கடலிலேயே விடுகின்றன. அங்கும் அதனை நன்கு கலந்து பரவச்செய்யாவிடின் விழுமிடத்து உயிர்களுக்குத் தீங்குண்டு. உள்நாட்டு நிலையங்களுக்கோ கடல் இல்லை. இதனை எதிர்கொண்ட இரண்டு ஊர்களின் செய்தியைக் கூறுவோம்.

முதலாவது, அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாசோ நகரம். பாலைநிலத்து நகரமாகிய அங்கே, நிலத்தடியில் நன்னீரையடுத்து உவர்நீர் பெருமளவில் உண்டு. 2007-இல் திறக்கப்பெற்ற நிலையம் அவ்வுவர்நீரை எடுத்து நாளொன்றுக்கு 2 கோடியே 75 இலட்சம் அமெரிக்கக் கேலன் வரை நன்னீர் வழங்க வல்லது. அதன் கழிவுநீரை 22 மைல் தொலைவிற்குக் குழாயிற் கொண்டுசென்று, குடிநீர் ஊற்றுக்களோடு கலவாத ஆழத்துப் பாறையடுக்குகளில் செலுத்துகின்றனர். நிலையம் கட்டுவதற்கு முன்னரே இரண்டாம் குழாய் எங்கே முடியவேண்டும் என்று அவர்கள் ஆராய்ந்தமை நோக்கத்தக்கது.

இரண்டாவது நம் திருப்பூர். பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்புச் சாயத்தோடு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகின்றது. அக்கழிவு நொய்யலாற்றிற் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையிலும் கீழ்ப்புறத்து நிலங்களிலும் உவர்ப்பை ஏற்றியது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். முடிவில் 2011 ஜனவரித் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவை ஒரு துளியும் வெளியே விடாத ஏற்பாட்டோடு மட்டுமே அவை இயங்கலாம் என்னும் நிலை வந்தது. அவ்வேற்பாட்டின் நடுநாயகமாயிருப்பது நாம் கூறிவந்த சவ்வே. சவ்வினால் நீரின் பெரும்பகுதியை மீட்கின்றனர். எஞ்சிய செறிந்த உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரித்து, இயன்றவரை மீண்டும் சாயமிடுதற்கே பயன்படுத்துகின்றனர். செலவு மிகுதியே. ஆனால் அச்செலவு புதிதாகத் தோன்றியதன்று. முன்னர் ஆற்றங்கரை உழவர் தம் நிலத்தால் செலுத்திவந்ததை, இப்பொழுது தொழில் தன் பணத்தால் செலுத்துகின்றது.

இனி வீட்டுப் பெட்டிக்கு வருவோம். அதிற் பெரும்பாலும் ஒரு குடம் நன்னீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகச் செல்லும். குழாய் நீரில் 600 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், மூன்று குடக் கழிவில் இருப்பது லிட்டருக்கு 800-க்கும் குறைவே. பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் இந்நீர் தடையின்றிப் பயன்படும், சாக்கடையில் விடுதற்குரியதன்று. பெருநிலையத்தில் கழிவு சிறிது, உவர்ப்புப் பெரிது. வீட்டுப் பெட்டியில் கழிவு பெரிது, உவர்ப்புச் சிறிது. முன்னதில் காக்கவேண்டுவது நிலத்தை. பின்னதில் காக்கவேண்டுவது நீரை. மேலும், இயல்பாகவே இனிய நீர் வரும் வீட்டில் இப்பெட்டியை வைத்தல், இல்லாத நோய்க்கு மருந்துண்பதை ஒக்கும். உடலுக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் முதலியவற்றையும் சவ்வு வேறுபாடின்றி நீக்கிவிடும். 500 மில்லிகிராமிற்குக் குறைந்த உப்புள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடைசெய்யுமாறும், அனுமதிக்குமிடத்து நூற்றுக்கு அறுபதிற்கு மேல் நீரை மீட்கவேண்டும் என்று விதிக்குமாறும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசைப் பணித்தமை இக்கருத்துப்பற்றியே.

முடிவுரை

இவ்வளவும் கூறியது இக்கருவியைக் குறைகூறும் நோக்கத்தாலன்று. கரிக்கும் கிணற்றைத் தவிர வேறு கதியில்லாத ஊருக்கு இது பெறற்கரிய கொடை. மாவடு சுருங்குவதற்குக் காரணமான அதே நியதியை எதிர்த் திசையில் திருப்பி மக்களின் தாகத்தைத் தீர்த்த அறிஞர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் விஞ்ஞானத்தின் கொடை எதுவும் கணக்கின்றி வருவதில்லை. பொருளின் வரவு செலவை ஒருவர் மறைத்தெழுதலாம். உப்பின் வரவு செலவை எவராலும் மறைக்க இயலாது. அஃது எங்கேனும் ஒரு கிணற்றிலோ வயலிலோ தன்னைக் காட்டியே தீரும்.

நம் மாணவருட் சிலர் நாளை பொறியியலாளராகவும், சிலர் அரசாங்க அலுவலராகவும், சிலர் ஊராட்சித் தலைவராகவும் விளங்குவர். தம் ஊரில் உவர்நீரை இனிதாக்கும் நிலையம் ஒன்று அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கை அவர்முன் வரும். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும், செலவு எவ்வளவு ஆகும் என்று வினவுதல் முறையே. அவற்றோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக் கேட்பாராக: இரண்டாம் குழாய் எங்கே செல்கின்றது? இவ்வினாவிற்குத் தக்க விடை கிடைத்த பின்னர் முதற்குழாயைத் திறப்பரேல், அதனின்று வரும் நீர் அவ்வூரார்க்கும் அயலூரார்க்கும் ஒருங்கே இனிதாகும்.